சம்மட்டிக்குக் கூலி இல்லை

சத்தீஸ்கரின் பஸ்தர் என்றால் நமக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். செய்தித்தாள்கள் அப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன. ஜகதல்பூரில் வங்கி வேலையில் இருக்கும் நண்பர் மட்டும் தொலைபேசும்போதெல்லாம், "ஒரு தடவை வந்து லோஹார், அதான் இரும்புக் கொல்லர், பட்டறையைப் பாரு, அப்புறம் என்ன வேணா எழுது" என்பார். நானும் சரி சரி என்று காலம் கடத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் கிளைக்கொம்பு விரித்து நின்ற இரும்பு மானின் விலைச்சீட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுந்தது. இதில் பட்டறைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? கடைக்காரரிடம் கேட்டேன். மான் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. கிளம்பிவிட்டேன்.

ஜகதல்பூரிலிருந்து ராய்ப்பூர் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் கொண்டகாவ். 2012இல்தான் தனி மாவட்டமானது. இந்த ஊரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது மெழுகு அச்சில் வார்க்கும் டோக்ரா சிற்பங்கள். இரும்பு வேலை அதன் நிழலில் நிற்கும் தம்பி. இரண்டுக்குமே புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் விருந்தாளியை முதலில் டோக்ரா பட்டறைக்குத்தான் அழைத்துப்போகிறார்கள். நண்பர் என்னை நேராக ஊருக்கு வெளியே, தாழ்ந்த ஓட்டுக்கூரை போட்ட ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே ஒரே இருட்டு. ஜன்னல்கூட வைக்காமல் இப்படியா வேலை செய்வது என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். அவரை நண்பர் 'தாதா' என்று அழைத்தார், நானும் அப்படியே அழைத்தேன். வெயில் விழுந்தால் இரும்பின் நிறம் தெரியாதாம். அளவுமானி கிடையாது, கண்தான் எல்லாம். செஞ்சிவப்பில் தட்டிச் சீர்செய்யலாம். மஞ்சளை நெருங்கும்போதுதான் பிளக்கவோ முறுக்கவோ முடியும். அதையும் தாண்டி வெளுத்துப் பொறி தெறித்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தாதா அன்று மானின் கொம்புக்கு உட்கார்ந்திருந்தார். விரல் தடிமனுள்ள கம்பி ஒன்று கரியில் கிடந்தது. அது பழுத்ததும் குறட்டால் பிடித்துப் பட்டறைக்கல்லில் வைத்தார். மறு கையில் உளி. அதைக் கம்பியின் நுனியில் நேராக நிறுத்தினார். அவருடைய இரண்டு கைகளும் அத்தோடு தீர்ந்துவிட்டன. அடிப்பது யார்?

அதுவரை மூலையில் புளோயரின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினார். முதல் அடியில் உளி இறங்கியது. மூன்றாவது அடியில் கம்பி இரண்டாகப் பிளந்தது. கருஞ்செதில்கள் அவர் பாதத்தைச் சுற்றி உதிர்ந்தன. அவர் காலை நகர்த்தவே இல்லை. தாதா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. உளியைச் சற்றுச் சாய்த்தால் மெல்ல அடிக்க வேண்டும், கல்லைக் குறட்டால் தட்டினால் நிறுத்த வேண்டும். பிளந்த ஒவ்வொரு கிளையையும் மறுபடி பழுக்கவைத்து மறுபடி பிளந்தார்கள். வெட்டி ஒட்டுவது கிடையாது, பற்றவைப்பது கிடையாது. ஒரே கம்பிக்குள்ளிருந்தே கொம்பு கிளைத்து வந்தது. நுனிகளை வளைப்பதற்குச் சிறு சுத்தி போதும். அதைத் தாதா தனியாகவே பார்த்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் மனைவி உலைக்குக் கரி போட்டார், தண்ணீர் குடித்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அதன் பிறகு தேய்ப்பது, வார்னிஷ் பூசுவது, காயவைப்பது என்று என்னென்னவோ இருந்தன. அவற்றில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

தாதாவின் அப்பா மான் அடித்தவரல்ல. கலப்பைக் கொழு, கோடரி, அம்பு முனை என்று ஊருக்கு வேண்டியதை அடித்துக் கொடுத்து, அறுவடையில் நெல் வாங்கிக்கொண்டவர். தேவகுடி என்னும் ஊர்த் தெய்வக் கோயிலுக்குத் திரிசூலமும் சங்கிலியும், கல்யாண வீட்டுக்குக் கிளை விளக்கும் அவர் வேலையிலேயே சேர்த்தி. அந்த விளக்கு ஒன்று கொட்டகை உத்தரத்தில் தொங்கியது. அகலைச் சுற்றிப் பறவைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கின்றன. டிராக்டர் வந்தது, கடையில் கொழு மலிவாகக் கிடைத்தது, நெல்லும் நின்றுபோனது. பிறகு நகரத்து வீடுகளுக்கு அலங்காரப் பொருள் கேட்டு வியாபாரிகள் வந்தார்கள். மத்தளம் அடிக்கும் ஆட்டக்காரர்கள், மெழுகுவத்தித் தாங்கி, கண்ணாடிச் சட்டம், ஜன்னல் ஜாலி. தலைநகரின் கைவினைச் சந்தையான தில்லி ஹாட்டில் கடை போட ஒரு முறை வாய்ப்புக் கிடைத்ததாம். "அங்கே எல்லாரும் இவளைப் படம் எடுத்தார்கள், வாங்கியவர்கள் கொஞ்சம்தான்" என்றார் தாதா.

இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பழைய இரும்புக் கடையிலிருந்து, கிலோ கணக்கில். இதைக் கேட்டதும் நண்பர் தெற்கே கையைக் காட்டினார். தந்தேவாடா பக்கம் பைலாடிலா மலை. ஏறத்தாழ 65 விழுக்காடு இரும்பு உள்ள, உலகத்தரமான தாது. 1968 முதல் கிரந்துலில் வெட்டுகிறார்கள். அதை ஜப்பானுக்கு அனுப்புவதற்கென்றே மலையைக் குடைந்து விசாகப்பட்டினம் பக்கம் ரயில் பாதை போட்டார்கள். ஜகதல்பூரை ஒட்டிய நகர்நாரில் 2023இல் பெரிய உருக்காலையும் வந்துவிட்டது. வெரியர் எல்வின் 1942இல் 'தி அகாரியா' என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். மத்திய இந்தியக் காடுகளில் களிமண் உலை கட்டித் தாதுவை உருக்கிய பழங்குடியினரைப் பற்றியது. அந்த உலைகள் அணைந்துவிட்டன. இரும்பு மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த வண்டிப் பட்டைக்கு எடைபோட்டுக் காசு கொடுக்கிறார் கொல்லர்.

ஆனால் என்னைச் சுட்டது வியாபாரியின் கணக்கு. இரும்பு இத்தனை கிலோ, கரி இத்தனை மூட்டை, ஒரு ஆள் கூலி இவ்வளவு, அதற்கு மேல் கொஞ்சம். அதுதான் விலை. ஒரு ஆள்! குறட்டுக்கு ஒரு கை, உளிக்கு ஒரு கை, சம்மட்டிக்கு இரண்டு கை. நாலு கை இல்லாமல் மானுக்குக் கொம்பு முளைக்காது என்பது அந்தக் கொட்டகையில் அரை நாழிகை நின்ற எனக்கே தெரிகிறது. வருடக்கணக்காக வந்துபோகும் வியாபாரிக்குத் தெரியாதா? தெரியும். சம்மட்டி பிடிப்பவர் பெண்டாட்டி என்பதால் அது கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். வெளியாள் ஒருவரை வைத்து அடித்தால் கூலி கொடுத்தாக வேண்டும், பொருள் விலை ஏறும், வியாபாரி அடுத்த பட்டறைக்குப் போவான். ஆகவே பட்டறைக்காரரும் வாய்திறப்பதில்லை. கைவினைஞர் அடையாள அட்டையும் அவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. நம் ஊர்ச் சாலையோரத்தில் கூடாரம் போட்டு அரிவாளும் கோடரியும் அடித்து விற்கும் வடநாட்டுக் குடும்பங்களைப் பாருங்கள். அங்கேயும் பெரும்பாலும் சம்மட்டி பெண் கையில்தான். விலை பேசும்போது நாமும் ஆண் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறோம், அதிலும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி. வியாபாரியை மட்டும் திட்டி என்ன?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தாதாவின் கைப்பேசி அடித்தது. ராய்ப்பூர் வியாபாரி. ஒலிபெருக்கியில் போட்டதால் நண்பர் எனக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே வந்தார். மான் வேண்டுமாம், தீபாவளிக்கு முன்னால். ஆனால் கொம்பு நீளம் அட்டைப்பெட்டியில் அடங்கவில்லையாம், கிளையை இரண்டு குறைத்துக்கொள்ளச் சொன்னார். தாதா தலையாட்டினார். கிளை குறைகிறதே, விலையிலும் கொஞ்சம் குறைக்கலாமே என்றார் வியாபாரி. தாதா பதில் சொல்லாமல் இழுத்தார்.

சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "பெட்டியைப் பெரிதாக வாங்குங்கள் பையா, அது எங்கள் கொம்பைவிட மலிவு" என்றார். எதிர்முனையில் சிரிப்பு. பிறகு கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. கடைசியில் கிளையும் குறையவில்லை, விலையும் குறையவில்லை. முன்பணம் மட்டும் அடுத்த மாதம் தருவதாகச் சொல்லி வியாபாரி வைத்துவிட்டார்.