கிணற்றுக்கு ஒரு இம்பெல்லர்

கிணத்துக்கடவுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இந்தக் கோடையில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டியில் விழுந்த தண்ணீரோ விரல் பருமன்கூட இல்லை. கேசிங்கைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. மணல் அரித்து, இம்பெல்லரின் இதழ்கள் கரையான் தின்ற ஓலையைப்போல் இருந்தன. அப்பா அதைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். "பத்தொம்பது வருசம் ஒழைச்சிருக்குது" என்றார்.

கோவைக்காரனுக்கு இம்பெல்லர் வாங்குவது ஒரு பெரிய காரியமா என்று கேட்கலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள்; இன்று ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் தெருவுக்குத் தெரு பட்டறைகள். ஆனால் எங்கள் சிக்கல் வேறு. ஆயிரம் அடிக்குப் போர் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. தாத்தா வெட்டிய கிணற்றை விட்டுவிட அப்பாவுக்கு மனமில்லை. பெரிய இம்பெல்லராகப் போட்டுத் தம்பியின் வாயை அடைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

கடைக்காரரும் அதையே சொன்னார். "150க்குப் பதிலா 165 மில்லி போடுங்க, தண்ணி பிச்சுக்கிட்டு வருமுங்க."

அப்பா உடனே தலையாட்டினார். நான் ஒரு நாள் தவணை கேட்டேன். விட்டம் பத்து சதவீதம் கூடினால் நீரின் அளவும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். ஏற்றும் உயரம் வர்க்கத்தில் ஏறி 21 சதவீதம் ஆகும். மோட்டார் மீது விழும் சுமையோ கனத்தில் ஏறி 33 சதவீதம் ஆகிவிடும். தமிழ் வாத்தியார் இதை இரவெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். அன்றுதான் படகின் புரொப்பெல்லரைப் பற்றியும் படித்தேன். நீரைத் தள்ளிப் படகை நகர்த்துவது அது, இருந்த இடத்திலிருந்தே நீரைத் தள்ளுவது இது, இரண்டும் பங்காளிகள். 1837இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் கால்வாயில் விட்ட படகின் மரத்திருகு பாதி ஒடிந்துபோனதாம். படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாகப் போயிற்று!

மறுநாள் கணபதியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனோம். என் காகிதத்தை அவர் பார்க்கவேயில்லை. "மோட்டாரு சூடாகி வைண்டிங் போயிருமுங்க. அது கெடக்கட்டும், கெணத்துல ஒரு நாளைக்கு எத்தனை அடி ஊறுதுங்க?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன், எனக்குத் தெரியவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலடி" என்றார். மழைக்காலத்து ஊற்றையும் சேர்த்துச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. நாலடியை எந்த இம்பெல்லரும் ஐந்தடி ஆக்காது என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் புரிந்துவிட்டது.

பழைய அளவிலேயே, கன்மெட்டலில் வாங்கினோம். வார்ப்பிரும்பைவிட விலை கூடுதல். அதை மட்டும் அப்பா பேரம் பேசவில்லை.

இப்போது ஐம்பது நிமிடம் தண்ணீர் நன்றாக வருகிறது. பிறகு காற்றை இழுக்கிறது. புட்வால்வை இன்னும் இறக்கலாமா என்று நேற்று போனில் கேட்டார். நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. இனி மோட்டாரையே கீழ்த் திண்டுக்கு இறக்க வேண்டும். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பியும் வருகிறானாம்.