மஞ்சள் மலரும் கத்தரிக்கோலும்

நீலகிரிச் சோலைகளில் செந்நிறமாய்ப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் மஞ்சள் உறவினமாகிய லூட்டியம், கருங்கடலை ஒட்டிய துருக்கி மலைச்சரிவுகளிலும் அண்டை நாடுகளிலும் இயல்பாய் வளர்வது. 1793இல் அது பிரித்தானியத் தோட்டங்களை அடைந்தது. இங்கிலாந்தில் என் மகளின் இல்லத் தோட்டத்திலேதான் அதனை நான் அறிந்தேன்.

இனங்காணல் எளிது. குளிர்காலத்தில் இலையுதிர்க்கும், மே மாதத்தில் நறுமணம் கமழப் பூக்கும். மலருக்கு மகரந்தத் தாள்கள் ஐந்து. பசுமை மாறாத இனங்கள் பலவற்றில் பத்து. தேனிலும் இலையிலும் நஞ்சுண்டு. எனவே, கத்தரித்தபின் கைகழுவுதல் நலம்.

அங்கே இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் ஒட்டுச்செடி ஒன்றில் ஆண்டுதோறும் மஞ்சள் பூக்களே பெருகின. “செடியே நிறம் மாறிவிட்டதே, அத்தா!” என வருந்தினாள் மகள். நிறம் மாறவில்லை. ஒட்டுக்கு வேராக வைத்த லூட்டியம், அடியிலிருந்து கன்றுகளை எழுப்பி மேற்கிளையை நலிவித்தது. இலையுதிர்ந்தபின் கிளைகளைப் பிரித்தறிதல் அரிது. ஆதலின் பூத்திருக்கும்போதே மஞ்சட்கிளைகளுக்கு நூல் கட்டினோம். பூ உதிர்ந்ததும் மண்ணை விலக்கி, அவற்றை அடியோடு பிய்த்தெடுத்தோம். மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேருடன் வந்த கன்றொன்றை வேலியோரம் நட்டோம்.

தனித்து வளரும் மஞ்சட்செடியையும் பூ உதிர்ந்தவுடனே கத்தரித்தல் வேண்டும். கோடையிலேயே அடுத்த ஆண்டின் மொட்டுகள் உருவாகிவிடும். காலம் தாழ்த்துவோர் பூவையே வெட்டுகின்றனர்.

இரண்டும் இறைவன் படைப்பே. ஒன்று மற்றொன்றை அழிக்காமல் காப்பது தோட்டம் பேணுவோர்க்கு அவன் அளித்த அமானிதம்.