வழுக்கியது எதனால்?

"பாட்டி பாத்ரூமில் விழுந்து போயிட்டாங்களாம்" என்று கேள்விப்பட்டால், "வயசாச்சு, பாவம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். வயதா தள்ளிவிட்டது? ஈரத் தரையா, இருட்டா, மாத்திரையா?

விபத்தில் ஒருவர் இறந்தால் போலீசார் பிரேத விசாரணை நடத்துவார்கள். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர் இருவராவது கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி குளியலறையில் விழுந்து இறந்தபோது என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார். சந்தேகம் ஏதுமில்லை என்றதும் விஷயம் முடிந்தது. அந்த வழவழத் தரை அப்படியேதான் இருக்கிறது. தாத்தா இன்னும் அங்கேதான் குளிக்கிறார்!

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட சாவுகளை விசாரிக்கவே 'கரோனர்' என்ற அதிகாரி உண்டு. இதே போல் இன்னொரு சாவு நேரலாம் என்று அவருக்குத் தோன்றினால், தடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கோ முதியோர் இல்லத்துக்கோ எழுதியே ஆக வேண்டும். 56 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். 'எப்படி இறந்தார்?' என்பதோடு நிற்காமல், 'அடுத்தவரைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?' என்றும் கேட்கிறார்கள்.

அந்த இரண்டாவது கேள்வியை நம் வீட்டில் நாமே கேட்கலாமே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, மகனும் மருமகளும் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பெரியவர்கள் தனியேதான். சிமெண்டுத் தரை போய் டைல்ஸும் வந்துவிட்டது. உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொன்னதும் என் அத்தை, "நான் என்ன பஸ்ஸிலயா போறேன், கம்பியப் புடிச்சுக்க?" என்றார். இப்போது அதைப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை! எண்ணெய்க் குளியலுக்குப் பின் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி சின்ன பல்பு எரியட்டும். தேய்ந்த ரப்பர் செருப்பும் நழுவும் கால்மிதியும் வேண்டாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுவோருக்கு இது ரொம்ப முக்கியம்.

தலையில் அடிபட்டால், "ஒண்ணுமில்லே" என்று அவர்களே சொன்னாலும் விடாதீர்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில நாள் கழித்துக்கூடத் தூக்கக் கலக்கமாகவோ பேச்சுக் குழறலாகவோ தெரியவரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் என்றால் உடனே 108.

லேசாகக் கால் வழுக்கினாலும் அன்றைக்கே விசாரணையைத் தொடங்குங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, காலில் என்ன செருப்பு, கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரை எது? போலீஸ் வந்து கேட்கும்வரை காத்திருப்பானேன்?