ஏலக்காய்ப் பெட்டியில் பேய்க்கதை

எங்க வீட்டுப் பரண்ல ரெண்டு அட்டைப்பெட்டி இருக்கு. மேல பார்த்தா ஏலக்காய்ப் பெட்டி. திறந்தா பேய்க்கதை. போன ஞாயித்துக்கிழமை ஒட்டடை அடிக்கறப்ப ஒண்ணு சரிஞ்சு தங்கமணி தோள்ல விழுந்துருச்சு. "ஏங்க, இதை எடைக்காவது போட்டுரலாமா?"ன்னு கேட்டாங்க. கோவமா கேட்டிருந்தா பரவால்ல. சாதாரணமா கேட்டாங்க. அதான் உறுத்துது. மனசுல கிடக்குறதை இங்க கொட்டிடறேன் மக்களே.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். போடி பஸ் ஸ்டாண்டு பொட்டிக்கடையில கயித்துல தொங்கும் முத்து காமிக்ஸ். அப்பா மலையிலருந்து சனிக்கிழமை இறங்கி வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வருவார். ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு, கை மட்டும் தெரியுமே, அந்த இரும்புக்கை மாயாவிதான் நமக்கு முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன். 1972 ஜனவரியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே மாயாவியை வச்சுத்தான். 1984 ஜூலையில அதே குடும்பத்துலருந்து விஜயன் சார் லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சார். சிவகாசியில உக்காந்துக்கிட்டு இங்கிலாந்து, பெல்ஜியம், இத்தாலி கதைகளுக்கெல்லாம் உரிமை வாங்கி தமிழ்ல போட்ட சின்ன பதிப்பகம். சின்ன ஊர்ல இருந்து இதெல்லாம் செய்ய முடியும்ங்கிற நெனப்பு எனக்கு அங்கதான் வந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். 2018ல நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு புத்தகம் போட்டோம். ஆளுக்கு 4,500 ரூவா. மொத்தம் 18,000. போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு இருக்கில்ல, அதை வச்சு எழுதுன பேய்க்கதை, மர்மக்கதை ஆறு. 96 பக்கம், அதாவது 6 ஃபாரம். 300 காப்பி. நான் பகல்ல ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதுறவன். எழுத்தாளன் ஆன சந்தோஷத்துல என் கணக்கையே நான் சரியா போடல :-)

இப்ப போடறேன், பாருங்க. ஒரு காப்பி அடக்கம் 60 ரூவா. விலை 100. கடைக்காரருக்குக் கழிவு 35 போக கைக்கு வர்றது 65. லாபம் அஞ்சே ரூவா! அதுல பார்சல் செலவு, ஓசி காப்பி எல்லாம் அடங்கணும். வெளியூர் விற்பனையாளர் ஒருத்தர் 120 காப்பி எடுத்தார். "எல்லாம் வித்துருச்சுண்ணே, அடுத்த மாசம் தர்றேன்"னார். அந்த அடுத்த மாசம் இன்னும் வரல. 7,800 ரூவா போச்சு. நாங்களே கையில வித்தது 70. சும்மா குடுத்தது 25. மிச்சம் 85 பரண்ல. வந்தது 7,000, போனது 11,000.

ஏலக்காய் வியாபாரத்துல இப்படி ஏமாந்திருந்தா முதலாளி என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அப்புறம்தான் சிவகாசிக்காரங்க எப்படித் தாக்குப் பிடிச்சாங்கன்னு யோசிச்சேன். 2000க்கு அப்புறம் லயன்-முத்து எப்ப வரும் எப்ப வராதுன்னே தெரியாம இருந்த காலம் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2010ல 'இரத்தப் படலம்' 18 பாகத்தையும் ஒரே புத்தகமா போட்டாங்க. எப்படி? முன்பதிவு வாங்கி. 2012 ஜனவரியில 100 ரூவா விலையில கம்பேக் ஸ்பெஷல். அதுக்கப்புறம் வருஷ சந்தாதான் முதுகெலும்பு. 2022ல முத்துவுக்கு 50 வயசு ஆச்சு. கயித்துல தொங்கவிட்டு வித்தவங்க, வாசகன் கையிலருந்து நேரா முன்பணம் வாங்குற நிலைக்கு வந்தாங்க. அதுக்குக் குடுக்கற விலை, சொன்ன தேதிக்குப் புத்தகம் அனுப்பணும். அம்புட்டுதான் ரகசியம்.

சென்னையில பிளாஃப்ட்னு இன்னொரு சின்ன பதிப்பகம். ராஜேஷ்குமார், சுபா கதைகளையெல்லாம் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 2008ல தொகுப்பா போட்டாங்க. டீக்கடை நாவல்னு நாம ஒதுக்குனதை அவங்க தைரியமா அட்டைப்படத்தோட கொண்டாடுனாங்க. பொழுதுபோக்குக் கதைன்னு கூச்சப்படத் தேவையில்லைன்னு அதுல புரிஞ்சது.

ஆனா சந்தான்னா தபால் வேணுமே. சின்ன பதிப்பகங்களுக்கு பெரிய துணையா இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. இனி எடைக்குத் தகுந்த கூரியர் காசு. புத்தகம் ஒல்லியா இருந்தாத்தான் தப்பிக்கும்.

இவ்வளவு பொலம்பல் எதுக்குன்னா, காய் பொறுக்குற வேலை பாக்குற ஒரு தங்கச்சி ஒரு கதை எழுதிக் குடுத்திருக்கு. 70 பக்கம், நோட்டுல, பால்பாயிண்ட்டுல. எஸ்டேட் ஸ்டோர்ல மூட்டை காணாமப் போகுது. துப்பறியறது போலீஸ் இல்ல, காய் பொறுக்குற ஒரு அக்கா. காயோட கலரையும் பருமனையும் பார்த்தே எந்தத் தோட்டத்துக் காய்னு சொல்லி திருடனைப் புடிக்குது. 20 வருஷமா ஏலக்காய்க்கு நடுவுல இருக்கிற எனக்கே இந்த ஐடியா தோணல. "அண்ணே, எப்ப புக்கா வரும்?"னு ரெண்டு தடவை கேட்டுருச்சு. மூணாவது தடவை கேக்கல. பரண்ல இருக்கிற 85ஐ விட அதுதான் கனமா இருக்கு.

எங்க ஊர் ஏலத்துல சாம்பிள் பாக்காம யாரும் விலை கேக்க மாட்டாங்க. அதையே செய்யப்போறேன். முதல் அத்தியாயத்தை சாம்பிளா அனுப்புவேன். புடிச்சவங்க 150 ரூவா முன்பணம் கட்டணும், கூரியர் தனி. 200 காப்பி அடிக்க 16,000 ஆகுதாம். 110 பேர் சேர்ந்தா அச்சுக்குப் போகும். சேரலேன்னா எல்லார் காசும் அப்படியே திரும்பிப் போகும். கடைக்குக் கடன் கிடையாது. அந்தத் தங்கச்சிக்கு முதல் காசு, எனக்குக் கடைசிக் காசு.

தங்கமணிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கதையைக் குடுங்க, படிச்சுப் பாக்கறேன்"னு நோட்டை வாங்கிக்கிட்டாங்க. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தா அடுப்படியில லைட்டு எரியுது. திருடன் யாருன்னு தெரியாம தூக்கம் வரலையாம்.

முதல் 150 ரூவா அவங்க அஞ்சறைப்பெட்டியிலருந்து வந்துருச்சு. இன்னும் 109 பேர்.

டிஸ்கி: பரண்ல இருக்கிற பேய்க்கதை யாருக்காவது வேணும்னா சொல்லுங்க. லேசா ஏலக்காய் வாசம் அடிக்கும், அதுக்கு எக்ஸ்ட்ரா காசு கிடையாது.