ஏரி அலைக்கு வெளியூர் கிடையாது

சிங்கப்பூரில் ஏரி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட ‘நீர்த்தேக்கம்’ என்று திருத்தும். சரிதான். ஆனால் அது பொறியாளர்களின் சொல். நானும் ஒரு பொறியாளன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தச் சொல்லில் காற்றே அடிக்காது. எங்கள் பாட்டி ஏரி என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் படம் எடுக்கப் போவது யீஷூன் பக்கத்தில் இருக்கும் லோவர் சிலேத்தாருக்கு. 1986இல் நிறைவடைந்த திட்டத்தில் சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை மறித்து உருவாக்கிய ஏரி அது. அணையின் மேலேயே சாலை ஓடுகிறது. சாலைக்கு ஒரு பக்கம் நாம் குடிக்கும் தண்ணீர், இன்னொரு பக்கம் ஜோகூர் நீரிணையின் உப்புத் தண்ணீர். நாலு எட்டு வைத்துச் சாலையைக் கடந்தால் வேறு தண்ணீர், வேறு அலை.

தூண்டில்காரர்களும் சூரிய உதயம் தேடுபவர்களும் கடல் பக்கம் நிற்பார்கள். நான் ஏரிப் பக்கம். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கடலலைக்கு எங்கெங்கோ உறவு உண்டு. எப்போதோ போன கப்பல், எங்கோ அடித்த புயல், நிலவு இழுத்த ஓதம் எல்லாம் கலந்துதான் அது கரைக்கு வருகிறது. ஏரி அலைக்கு வெளியூர் கிடையாது. எதிர்க்கரையில் பிறந்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் காற்றோடு ஓடி வந்து, நம் காலடிக் கல்லில் முடிந்துவிடும். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே பார்வையில் அடங்கும். இந்த இடத்தின், இந்த நேரத்தின் காற்றைத் தவிர அதற்குள் வேறெதுவும் இல்லை.

அதனால் எந்தக் காற்றில் போகிறோம் என்பது முக்கியம். வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து அணையைத் தாண்டி வரும். அணையோரத்து ஏரி நீர் அப்போதுதான் காற்றைச் சந்திக்கிறது, அலை எழும்ப அதற்குத் தூரம் போதாது. டிசம்பரில் போனால் சுருக்கம் விழுந்த துணிதான் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் தென்மேற்குக் காற்றில் கதையே மாறும். காற்று ஏரியின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து நேராக நம் முகத்தில் வந்து அறையும். பலத்த காற்றடித்தால் அலை ஒரு சாண் உயரம் வரும். ஒரு சாண்தானே என்று சிரிக்காதீர்கள், முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்துப் பாருங்கள். (சுமத்ரா சூறைக்காற்றில் இன்னும் பெரிதாக எழும்பும். ஆனால் அது இடியைக் கூடவே அழைத்து வரும். இடி கேட்டால் படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பக்கத்து புளோக்குக்கு ஓடிவிட வேண்டும்.)

அலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காற்றுக்கு எதிராகத்தான் நிற்க வேண்டும். லென்ஸில் சாரல் அடிக்கும். துடைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தென்மேற்குக் காற்று என்றால் மாலையில் வெயிலும் எதிரே. பலர் இதற்குப் பயந்து போலரைசர் வடிகட்டி மாட்டுகிறார்கள். நான் கழற்றி வைத்துவிடுவேன். அலை நம் கண்ணுக்குத் தெரிவதே அதன் ஒவ்வொரு சரிவும் வானத்தின் வேறொரு துண்டைக் காட்டுவதால்தான். மினுக்கத்தை வெட்டிவிட்டால் அலையையே வெட்டியதாகிவிடும். 1954இல் சார்ல்ஸ் காக்ஸ், வால்டர் மங்க் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆகாய விமானத்திலிருந்து கடலின் மினுக்கத்தைப் படம் பிடித்து, அதிலிருந்தே அலைகளின் சரிவைக் கணக்கிட்டிருந்தார்கள். காற்று கூடக்கூடச் சரிவும் கூடி, மினுக்கம் பரந்து விரிகிறது. ஆக, வெறும் மினுமினுப்பு என்று நாம் ஒதுக்குவது உண்மையில் காற்றின் அளவு. கல்லூரியில் திரவ இயக்கவியல் படித்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் விழித்திருப்பேன்.

அடுத்த சண்டை ஷட்டர் வேகத்தைப் பற்றி. இப்போது இங்கே எல்லாருக்கும் பிடித்தது கறுப்புக் கண்ணாடி மாட்டி முப்பது விநாடி திறந்துவைப்பது. ஏரி பால் ஊற்றியது போல ஆகிவிடும். லைக் குவியும். எனக்கு அதில் அழகு தெரியாமல் இல்லை, காற்றுதான் தெரியவில்லை. ஒரு நண்பர் உடனே ஹிரோஷி சுகிமோட்டோவை இழுப்பார். 1980இல் தொடங்கிய அவருடைய கடல் வரிசையில் பாதி நீர், பாதி வானம், வேறொன்றும் இராது. அந்த வரிசையில் ஏரிகளும் இருக்கின்றன. போடன் ஏரியில் 1993இல் எடுத்ததுதான் பிறகு யூ2 குழுவின் இசைத்தொகுப்புக்கு அட்டைப்படமானது. தலைப்பைப் படிக்காமல் அது ஏரி என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அவருக்கு வேண்டியது அதுதான். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு சாண் அலை விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஓடும். 1/1000இல் அது நகர்வது இரண்டரை மில்லிமீட்டர், அலை கண்ணாடிச் சில்லாக உறைந்துவிடும். 1/15இல் பதினேழு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட தன் உயரத்துக்கே தன்னை அழித்துக்கொள்ளும். 1/60இல் நான்கு சென்டிமீட்டர். உருவம் நிற்கும், ஓரம் மட்டும் கொஞ்சம் ஓடும். நான் நிற்பது அங்கேதான்.

பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது. தாத்தா செம்பவாங் ‘நேவல் பேஸ்’ஸில் வேலை பார்த்த காலத்தில் இவர்கள் அந்தப் பக்கம்தான் குடியிருந்தார்கள். அணைக்கு முந்திய சிலேத்தார் ஆறு அவர் கண்ணில் இருக்கிறது. வீட்டில் அந்த ஆற்றின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் அந்தக் காலத்தில் கேமரா வந்தது, தண்ணீரை யார் படம் எடுத்தார்கள்? அதனால் என் படங்களைப் பார்க்க அவரைவிடத் தகுதியான ஆள் எனக்குத் தெரியவில்லை.

போன ஆகஸ்டில் எடுத்ததை டேப்லெட்டில் காட்டினேன். நண்பருடைய முப்பது விநாடிப் படத்தையும் நடுவில் செருகியிருந்தேன். அதைப் பார்த்ததும், “என்னடா இது, பாய் விரிச்ச மாதிரி?” என்று தள்ளிவிட்டார். உறைந்துபோன 1/1000க்கு, “இது ஏதோ கண்ணாடி.” அறுபதில் ஒன்று வந்தபோது பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அன்னைக்கு நல்ல காத்தோ?”

“ஆமா பாட்டி.”

“அப்போ இங்க தண்ணி ஏறும், எறங்கும். சேறு தெரியும். இப்ப எங்க ஏறுது?”

ஓதம் இப்போது அணைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது என்று விளக்கினேன். கல்லில் சிப்பி ஒட்டிய கோடு கடல் பக்கம் மட்டும் இருப்பதையும் சொன்னேன்.

“அப்போ அந்தப் பக்கமும் எடுக்க வேண்டியதுதானே. சேறு தெரியற நேரமாப் பாத்துப் போ.”

ஓத அட்டவணையில் பார்த்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை நீர் நன்றாக வற்றுவது விடிகாலையில். வெளிச்சம் போதுமா என்றுதான் தெரியவில்லை.