பிளஸ்ஸும் மைனஸும்

மேற்குத் தாம்பரம், சண்முகம் சாலை. கரன்ட் போன சாயங்காலம். பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு கண்ணாடிக் கடை. ஓர ஸ்டூலில் நான். எனக்கு முன்னே ஒரு பாட்டியும் காலேஜ் படிக்கிற பேத்தியும்.

பாட்டி பையிலிருந்து காம்பு ஒடிந்த கண்ணாடியை எடுத்து வைக்கிறார். "சீட்டு எங்கியோ போச்சு தம்பி. இது எப்படி இருக்கோ அதே மாதிரி போட்டுக் குடு."

பவர் பார்க்கும் மெஷின் செத்துக் கிடக்கிறது. கடைக்காரர் அசரவில்லை. கண்ணாடியை முகத்துக்கு ஒரு சாண் முன்னே பிடித்து, அதன் வழியே எதிர்க்கடைக் கதவுச் சட்டத்தைப் பார்க்கிறார். மெல்ல இடப்பக்கம் நகர்த்துகிறார். "சட்டம் வலப்பக்கம் ஓடுது. பிளஸ்." மைனஸாக இருந்தால் சட்டமும் கூடவே இடப்பக்கம் வந்திருக்கும்.

பெட்டியிலிருந்து மைனஸ் வில்லை ஒன்றை எடுத்து அதோடு ஒட்டிப் பிடிக்கிறார். சட்டம் இன்னும் ஓடுகிறது போலும், வேறொன்றை எடுக்கிறார். அதற்கடுத்தது. "மைனஸ் ரெண்டரையில நின்னுடுச்சு. அப்ப உங்களுது பிளஸ் ரெண்டரை." சீட்டில் +2.50 என்று எழுதுகிறார்.

பிளஸ் என்றால் பள்ளிக்கூடத்துக் குவிலென்ஸ். ஒளியைக் கூட்டிச் சேர்க்கும். மைனஸ் குழிலென்ஸ், விரித்து அனுப்பும். சம பவரில் இரண்டும் ஒட்டி நின்றால் ஒன்றின் வேலையை மற்றது அழித்துவிடும். 2.50 பவருக்குக் குவியத்தூரம் 40 சென்டிமீட்டர். வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடி போட்டுப் பேப்பரைப் பிடிக்கிற தூரம்.

பேத்திக்கு மைனஸ் 4. கழற்றினால் 25 சென்டிமீட்டர் வரைதான் தெளிவு. போன் தெரியும், பஸ் நம்பர் தெரியாது. அவள் கழற்றி வைத்ததைப் பாட்டி மாட்டிப் பார்க்கிறார். "என்னடி இது, எல்லாம் பொடிசா, கலங்கலாத் தெரியுது!"

மேஜைமேல் கிடக்கும் இரண்டு கண்ணாடியுமே வெளிப்பக்கம் புடைத்துத்தான் இருக்கின்றன. சூட்சுமம் உள்பக்க வளைவில். அது வெளி வளைவைவிட ஆழமானால் மைனஸ், ஓரம் தடிக்கும். ஆழம் குறைந்தால் பிளஸ், நடு தடிக்கும். பிளஸ் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் வந்துவிட்டது. மைனஸ் வந்தது 15ஆம் நூற்றாண்டில். அங்கேயும் பாட்டிதான் மூத்தவர்.

பேத்தி பெரிய வட்ட ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டி, செல்போன் கேமராவில் முகத்தைப் பார்க்கிறாள்.

"உன் பவருக்கு இது வேணாம்மா. ஓரம் தடியாத் துருத்திட்டு நிக்கும். சின்ன ஃபிரேம்னா அந்த ஓரம் வெட்டுல போயிடும்."

"பாட்டிக்கு மட்டும் நிக்காதா, அண்ணா?"

"அவங்களுக்குக் கனமெல்லாம் நடுவுலதான். பெரிசு எடுத்தா நடு கொஞ்சம் ஏறும். ரெண்டரைக்கு அது ஒண்ணும் பெரிசாத் தெரியாது."

பேத்தி மனசில்லாமல் ஃபிரேமைக் கழற்றி ஸ்டாண்டை நோக்கிக் கையை நீட்டுகிறாள். பாட்டி பாதி வழியிலேயே அதை வாங்கிக்கொள்கிறார்.

"அப்ப இதுலயே எனக்குப் போட்டுடு தம்பி."