பதினான்கு அறைப் பை

சென்ற கோடை விடுமுறையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தின் மூலையில் மார்பளவு உயரத்தில் கறுப்புப் பையொன்று தூண்போல் நின்றது. குட்டிக் குதிரோ என்று முதலில் மயங்கினேன்.

தங்கை மகன் சென்னையில் கோல்ஃப் மைதானமொன்றில் ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை சுமக்கும் தொழில் செய்பவன். அத்தொழிலாளிக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊர்ப்புறத்தில் அச்சொல் தரும் பொருள் வேறாகையால், என் தங்கை அதை எவரிடமும் சொல்வதில்லை. பெரியவர் ஒருவர் புதுப்பை வாங்கியதும், ஜிப் அறுந்த இப்பழையதை இவனுக்குக் கொடுத்துவிட்டாராம்.

"எண்ணிப் பாருங்கள், மாமு" என்றான். வாயில் பதினான்கு அறைகள். ஒவ்வொன்றும் அடிவரை தனித்தனியே இறங்குகிறது. ஆகவே மட்டைத் தண்டுகள் ஒன்றோடொன்று சிக்குவதில்லை. ஓர் ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்பது அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் ஏற்பட்ட விதி. அதற்குமுன் இருபத்தைந்துவரை அடுக்கி, அத்தனையையும் ஒருவன் தோளில் ஏற்றியவர்கள் இருந்தார்கள்!

நீண்டவை பின்வரிசையில், குட்டையானவை முன்வரிசையில். பந்து, கையுறை, மழையங்கி ஆகியவற்றுக்குரிய உறைகளெல்லாம் முன்பக்கமே நோக்குகின்றன. முதுகுப்பக்கம் வண்டியோடு வாரால் பிணைக்கப்பட்டுவிடுமல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட எண்ணுள்ள மட்டை வைக்கும் அறையில் விரல் வைத்துக் காட்டினான்.

எனக்கு ஓதிய நாள்கள் நினைவுக்கு வந்தன. எட்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் 'கிதாபுல் ஐன்' என்னும் அரபு அகராதியை வகுத்தபோது, அலிஃபை விடுத்துத் தொண்டையில் பிறக்கும் ஐன் எழுத்திலிருந்து தொடங்கினார். பிற்காலத்து 'லிஸானுல் அரப்' வேர்ச்சொல்லின் கடைசி எழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டது. புதிய மாணவன் அதில் ஒரு சொல்லைத் தேடி அரைநாள் அலைவான். பழகிய கை நேரே போய் எடுக்கும். இவன் கையும் பழகிய கைதான். பள்ளியில் நான் இவனை மந்தன் என்று பலமுறை கடிந்திருக்கிறேன்.

"வண்டிப் பை வந்தது நல்லதாயிற்றே, தோள் தப்பியது" என்றேன்.

"தோள்வலி போயிற்று, மாமு. வேலைநாளும் போயிற்று. முன்பு பைக்கு ஓர் ஆள். இப்போது பேட்டரி வண்டியில் இரண்டு பேர் ஏறிக்கொள்கிறார்கள். பின்னால் இரண்டு பை. ஒருவனைக் கூப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எந்தத் தொலைவுக்கு எந்த மட்டை, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவன் நான். பைக்கு அது தெரியாது."

ஜிப்பைச் சரிசெய்தால், புதிதாக ஆடவரும் எவருக்காவது விற்றுவிடலாம் என்பது அவன் எண்ணம். விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த பை தைப்பவர் ஒருவர் இருக்கிறார். நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

பேருந்தில் நடத்துநர், "மேளமா, பாய்?" என்று கேட்டுச் சுமைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார். "மருமகனின் தொழிற்கருவி" என்றேன். இறங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வண்டிக்கென்றே செய்த பை. அதற்கு ஒரே வார். கடையை அடையுமுன் நான்கு இடங்களில் இறக்கி வைத்தேன். சட்டையை விலக்கிப் பார்த்தபோது தோள் கன்றிச் சிவந்திருந்தது. உள்ளே ஒரு மட்டைகூட இல்லை.